குரு போன பிறகு மெழுகிய தரை

காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பி அந்தணர் அல்லர். ஆனாலும் அவரைத் தம் வழிகாட்டியாக மதித்த இராமானுசர், அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண விரும்பி வீட்டுக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். துணைவியார் தஞ்சமாம்பாள் மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, தலைமுழுகிவிட்டுப் புதிதாகச் சமைத்து வைத்திருந்தார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். இராமானுசரின் பெருமைக்காகச் சொல்லப்படும் கதை இது. எனக்கு அந்த மெழுகிய தரைதான் முக்கியம். தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்டவர் குருவாகலாமா என்பதற்கு நம் மரபு எப்போதோ 'ஆம்' என்று சொல்லிவிட்டது. சங்கரர் பெயரில் வழங்கும் மனீஷா பஞ்சகமும் அதையே சொல்கிறது. குருவானவர் அந்த ஊரில் நிலைக்க முடியுமா என்பதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குப் பணியாணையோடு வரும் தலித் ஆசிரியரை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு ஒதுக்கீடு அவரை வகுப்பறை வரை கொண்டுவந்து விடும். வாடகை வீட்டையும் டீக்கடைக் குவளையையும் எந்தப் பணியாணையும் வாங்கித் தராது. 1991இல் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றிப் புகழ்பெற்ற மாவட்டம் இது. அதே மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு விசாரிக்கப் போனபோதுதான் அப்பகுதி டீக்கடையின் இரட்டைக் குவளையும், அய்யனார் கோயில் வாசல் தலித்துகளுக்கு அடைபட்டிருந்ததும் தெரியவந்தன. இப்படிப்பட்ட சூழலில் ஓர் ஆசிரியர் மாலை மணி அடித்ததும் நகரத்துக்குப் பஸ் ஏறினால், அடுத்த கலந்தாய்வில் மாறுதல் கேட்டால், அதைச் சொந்த வசதி என்று எழுதிவிட முடியாது.

ஆசிரியருக்கு ஏது சாதி, அதை எண்ணுவதே சாதியம் அல்லவா என்பார்கள். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தென் மாநிலங்களில் வெள்ளை, கறுப்புப் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் வேலை இழந்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்த சமூகம் ஆசிரியரை வெளியே அனுப்பியது. வட கரோலினாவில் 3 முதல் 5ஆம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த மிக ஏழைக் கறுப்பினச் சிறுவர்கள் படிப்பை நிறுத்துவது 39 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நிறமும் சாதியும் ஒன்றல்லதான். அங்கே பார்த்தால் தெரிவதை இங்கே வீடு கேட்கும்போது விசாரித்துத் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவே.

அப்படியானால் தலித் ஆசிரியர்களை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலேயே வைத்துவிடலாமே என்று இன்னொரு வாதம். அது மற்றப் பிள்ளைகளை மறந்த கணக்கு. தலித் ஆசிரியரை மதித்துப் பழக வேண்டிய அவசரம் ஆதிக்க சாதிப் பிள்ளைக்குத்தான் அதிகம். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் உடன் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகளே. அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, ஓர் ஊரின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக்க வேண்டாம் என்றது. நல்ல யோசனை. யாரை அனுப்பக் கூடாது என்பதோடு, அனுப்பியவர் எங்கே தங்குவார் என்பதும் அரசின் பொறுப்பாக வேண்டும். ஊருக்கு நடுவே ஆசிரியர் குடியிருப்பைக் கட்டுங்கள். அவருக்கு வீடு தர மறுப்பவர் மீது வழக்குப் போடுங்கள்.