குடும்பச் செலவு

செஞ்சி கடைத்தெருவில், பணம் எடுத்துத் தரும் கடையில் அம்மா நீட்டும் துண்டுச்சீட்டில் பத்து இலக்கங்கள் இருக்கும். துபாயிலிருந்து அண்ணன் போனில் சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அதோடு ஆதாரையும் காட்டினால் பணம் கைக்கு வந்துவிடும். எதற்கான பணம் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: குடும்பச் செலவு.

வேறு பதில் சொல்லவும் வழியில்லை. இந்த முறைக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு ஒரு தடவைக்கு 2,500 டாலர், பெறுபவருக்கு வருடத்தில் 30 தடவை, ரொக்கமாக 50,000 ரூபாய் வரை. நிலம் வாங்க அனுப்பக் கூடாது, அறக்கட்டளைக்கு நன்கொடையும் கூடாது. 2022-இல் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 11,100 கோடி டாலருக்கும் மேல் என்றது உலக வங்கி. அவ்வளவுக்கும் ஒரே சொல்தானா என்று சிரிப்பு வரும்.

போன ஆடியில் வந்த பணத்தில் எட்டாயிரத்தை அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணன் கணக்கு கேட்டபோது, "போர் மோட்டார் ரிப்பேருப்பா" என்று ஒரு வார்த்தை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அனுப்பிய பிறகு அது யார் பணம்? கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், கணக்கு கேட்க அவன் யார் என்று முதலில் எனக்குத் தோன்றியது. அப்புறம் யோசித்தால் அது அவ்வளவு சுலபமில்லை. அண்ணன் கஞ்சனில்லை. ஒரு ரூமில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டு, அரிசி என்ன விலை, மாடு கன்னு போட்டதா என்று கேட்பதுதான் அவன் வீட்டுக்குள் நடமாடுகிற வழி. பொய் சொன்னதில் எட்டாயிரத்தை மட்டும் மறைக்கவில்லை. கொடுத்தவன் அவன்தான் என்பதையும் சேர்த்து மறைத்துவிட்டோம். எதிர்வீட்டு அக்கா இன்றைக்கும் அம்மாவைத்தான் கும்பிடுகிறாள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அவன் வேணாம்னு சொல்லிட்டா? அப்புறம் நான் எப்படிடீ அவ மூஞ்சில முழிக்கிறது?" அண்ணனைப் பற்றியும் அதில் ஒரு கவலை இருந்தது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லும்படியான இடத்தில் பிள்ளையை நிறுத்த அம்மாவுக்கு மனசில்லை. ஆனால் சரி என்று சொல்லியிருப்பானோ என்னவோ, அந்த வாய்ப்பையும் அவனுக்குத் தரவில்லையே. கோட்டையில் அந்தப் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். விளைத்தவன் ஒருத்தன், அளந்து போட்டவன் வேறொருத்தன். பசித்தவன் யாரை நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருப்பான்?

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி பத்து இலக்கம் எழுதிக்கொண்டேன். வைக்கப் போகும்போது அண்ணன் கேட்டான்: "மோட்டார் இப்ப ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதுண்ணா."