பொடிப் பழக்கமும் உயிரின் சார்பும்

மூக்குப்பொடியிடும் வழக்கம் எம்மை 30 ஆண்டு பிணித்திருந்தது. இன்றே விடுதுமென இருமுறை சூளுற்றும், 3 நாள் கழியுமுன் பொடிமட்டையை மீட்டும் நாடினேம். இதற்குக் காரணம் உறுதியின்மை மாத்திரமோவெனின், அன்று. மாற்றுச் சார்பு பற்றாமையே என்க.

உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. பளிங்கு தன்னையடுத்த பொருளின் நிறமாமாறுபோலச் சார்ந்ததன் வண்ணமாவது. ஆகலின் தீய சார்பு ஒழிதற்கு நற்சார்பு வேண்டும். மெய்கண்டார் சிவஞானபோதம் 12-ஆஞ் சூத்திரத்தில் மலங்கழுவுதலோடு அன்பர் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் உடன்வைத்தமை ஈண்டு நினைக்கற்பாலது.

புகையிலையை விட்டார்க்கு, அதன்கண் உள்ள நிகோடினை உடல் அவாவும் வேகம் முதற் சின்னாளில் மிக்குச் சில வாரங்களில் தணியும். மூன்றாமுறை விட்டபொழுது, அந்நாள்களில் வைகறை நீராடி, நீறணிந்து, ஐந்தெழுத்தோதித் திருக்கோயிலுக்கு நடந்தேம். மாலையில் அன்பரோடு அளவளாவினேம். பொடி நீங்கிற்று. ஆயினும், பெருங்காயமிருந்த கலத்தில் அதன் வாசனைபோலப் பற்று எஞ்சிநின்று, பொடியின் மணம் எதிர்ப்படின் நெஞ்சை இன்றும் அசைக்கும். ஆதலின் வென்றேமென்று செருக்குதற்கு இடமில்லை, திருவருளே துணை.

கள், புகை முதலியவற்றிற் பட்டாரைச் சைவ நன்மக்கள் இகழ்ந்து விலக்கின், அவர் சார்தற்கு அத்தீமையே எஞ்சும். அவரைத் தம் இணக்கத்துட் கொள்ளுதலே கடனாம்.