வாடகை நாவலும் மகிழ மரமும்

கையில் இருப்பது ஒரு பழைய வாடகைப் பிரதி. முதுகில் காக்கித் துணி ஒட்டி, தடித்த நூலால் குறுக்கே தைத்திருக்கிறார்கள். தையல் ஏறியதில் உள்ளோரத்து எழுத்துகள் பாதி மறைந்துவிட்டன. வரிகளை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. திருவொற்றியூரில் லெண்டிங் லைப்ரரியை மூடியபோது எடைக்குப் போகாமல் தப்பி, எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ரமணிசந்திரன் நாவல்களில் ஒன்று இது.

நாயகன் நாயகியைச் சந்தேகப்பட்டுச் சுடுசொல் சொன்னவன். உண்மை தெரிந்ததும் நெருங்கி வருகிறான். அவள் மன்னித்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒருத்தி பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "எதுக்குடி மன்னிச்ச?" அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, நீல மையில்: "லவ்வுதான்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியென்றே படுகிறது.

*

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் ரமணிசந்திரனைத் தொடுவது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பையொட்டித்தான். அம்மா படித்துவிட்டு அரிசி டப்பா மேல் வைத்தது, அக்கா துணிக்கு அடியில் ஒளித்தது என்று புத்தகம் எப்படியோ கைக்கு வந்துவிடும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அருணோதயம் பதிப்பகத்தில் இன்றும் கிடைக்கின்றன. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழின் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அதில் அவர் கதையும் இடம்பெற்றது.

கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். வசதியான வீட்டு ஆண், தன்மானமுள்ள பெண், இடையில் ஒரு தப்பெண்ணம், அதனால் விளையும் கோபம், கடைசியில் தெளிவு. முடிவு தெரிந்தேதான் முதல் பக்கத்தைத் திறக்கிறோம். இலக்கியம் படிப்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நாளை ஷிப்ட் உண்டா, சம்பளம் ஏழாம் தேதியாவது வருமா, அண்ணன் போன போட் எப்போது காசிமேட்டுக்குத் திரும்பும் என்று எதுவுமே நிச்சயமில்லாத வீட்டில், நல்லபடியாக முடிந்தே தீரும் ஒன்று கையில் இருப்பது சின்ன விஷயமில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, காதல் நாவல் படிக்கும் குடும்பப் பெண்களிடம் பேசி 1984-இல் ஒரு நூல் எழுதினார். கதையில் என்ன இருக்கிறது என்பதோடு, படிக்கும் நேரம் அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்றும் கேட்டார். புத்தகத்தைத் தூக்கியதும் புருஷனும் பிள்ளைகளும் சற்று விலகி நிற்கிறார்கள், அந்த நேரம் தங்களுக்கே தங்களுக்கானது என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து படிப்பவளிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். ராட்வே இன்னொன்றையும் கவனித்தார். நாயகனின் ஆரம்பக் கடுமைக்கு, 'அவன் உள்ளுக்குள் காதலித்தான், காயப்பட்டிருந்தான், அதனால்தான் அப்படி நடந்தான்' என்று பின்னால் ஒரு விளக்கம் வந்து சேர்கிறது. கடுமை பழையபடியே கிடக்க, அதற்கு அர்த்தம் மட்டும் மாறிவிடுகிறது. பென்சில்காரி நின்ற இடம் இதுதான்.

என் கசப்பும் அங்கேதான். கத்துகிறவனின் கத்தலுக்குள் காதல் ஒளிந்திருக்கிறது என்று பதினேழு வயதில் நம்பத் தொடங்கினால், அந்தக் காதலைத் தேடியே ஒருத்தியின் வயது போய்விடும். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அதற்கு நாவல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நாவல் படிக்காத வீடுகளிலும் அதுவேதான் நடந்தது. ஆனால் 'பொறுத்துப் போ' என்று வீடு சொன்னதையே நாவலும், இன்னும் இனிமையாக, சொன்னது.

*

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் வழியே வரும் காற்று மாறும். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று போகப் போக அது இன்னும் மாறும். சில மாலைகளில் மணலிப் பக்கத்திலிருந்து கேஸ் வாடை வந்தால் வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள். நாவலின் காதலர்கள் நடக்கும் தோட்டங்களில் காற்றுக்குப் பூவாசம் மட்டும்தான்.

நாவலில் இருவரைப் பிரிப்பது எப்போதும் ஒரு தப்பெண்ணம். அது தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. இங்கே பிரிப்பவை வேறு: சாதி, கான்ட்ராக்ட் வேலை, தனியாக ஒரு அறை எடுக்க அட்வான்ஸ் இல்லாதது, கன்டெய்னர் லாரிக்குப் போனவன் துறைமுக வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடப்பது. இவற்றை எந்த உருக்கமான பேச்சாலும் ஒரே இரவில் தீர்த்துவிட முடியாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் மக்கள் மூச்சுத் திணறி, கையில் கிடைத்ததோடு தெருவுக்கு ஓடினார்கள். அந்த இருட்டில் யார் யாரை எழுப்பியது, யார் யாருக்கு முதல் போன் போட்டது என்பதற்குள் எத்தனையோ காதல் கதைகள் இருக்கும். அதை ஒரு நாவலாகப் படிக்க ஆசை. பதினேழு வயதுப் பெண் அரிசி டப்பா மேலிருந்து எடுத்துப் படிக்கும்படியான நாவலாக.

*

திருவொற்றியூருக்கென்று பழைய காதல் கதை ஒன்று உண்டு. தியாகராஜர் கோயிலுக்குள் நிற்கும் மகிழ மரத்தின் கதை அது. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. சங்கிலி, வடக்கே ஞாயிறு என்ற ஊரில் வேளாண் குடியில் பிறந்தவள். சிவனடியார் ஒருவருக்கன்றி வாழ்க்கைப்படுவதில்லை என்று உறுதியாக இருந்தவளை, பெற்றோர் ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் குடிவைத்தார்கள். அங்கே அவள் கடவுளுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். சிவனடியாரான சுந்தரர் பார்த்தார், மனம் பறிபோனது, நேரே இறைவனிடம் போய் அவளைக் கேட்டார்.

இறைவன் கனவில் வந்து சொன்னபோது சங்கிலி தயங்குகிறாள். அவர்தான் திருவாரூரில் பரவையோடு வாழ்கிறவராயிற்றே என்கிறாள். பெரியபுராணத்தில் எனக்கு மிகப் பிடித்த தயக்கம் இது. வந்திருப்பது கடவுளே என்றாலும், மாப்பிள்ளையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை அவள் சொல்லாமல் விடவில்லை. உன்னைப் பிரியேன் என்று அவன் சத்தியம் செய்து தருவான் என்கிறார் இறைவன். சுந்தரருக்கோ ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டும். சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று இறைவனிடமே ஏற்பாடு செய்கிறார். அதற்கு ஒப்புக்கொண்ட அதே இறைவன், சங்கிலியிடம் திரும்பிப் போய், சத்தியத்தை மகிழின் கீழே கேள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் அவள் நாணி ஒதுங்கி நிற்க, தோழிகள் பேசுகிறார்கள்: இதற்கெல்லாம் சன்னதியில் போய்ச் சத்தியம் எதற்கு, மகிழடியில் செய்தால் போதும். சுந்தரருக்கு வேறு வழியில்லை. மரத்தை வலம்வந்து, பிரியமாட்டேன் என்று சொன்னார்.

பிறகு தென்றல் வீசியது, ஆரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது, கிளம்பினார். ஒற்றியூர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் திரும்பக் கிடைத்தன.

வாடகை நாவலின் நாயகிக்கும் சங்கிலிக்கும் நடுவே நான் காணும் தூரம் இதுதான். நாயகி மனதிற்குள் குமுறுவாள், தன்மானத்தோடு ஒதுங்குவாள், வீட்டைவிட்டுக்கூடப் போவாள். இன்னது இன்னது நடக்கக் கூடாது என்று அவனிடம் முன்கூட்டியே சத்தியம் கேட்பதில்லை. சங்கிலியின் தோழிகள் கேட்டார்கள். தப்பிப்பதற்காக அவர் போட்ட கணக்கும் பலிக்கவில்லை. கல்யாணம் பேசும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும், அவள் தோழிகளுக்கும், இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவேசமே உண்டு.

*

பக்கத்து வீட்டுப் பெண் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். போனில் பிரதிலிபி செயலியில் தொடர்கதை, கையில் கிடைத்தால் ரமணிசந்திரன். அவளிடம் நாவல் நாயகனைப் பற்றிய என் கசப்பைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"படிச்சுட்டு அவன மாதிரி ஒருத்தனத் தேடப் போறேன்னு நினைக்கிறியாக்கா? கோவக்காரன எங்கனா தேடணுமா? லைன்ல நின்னு கத்துற சூப்பர்வைசரே இருக்காரு. ஒருத்தன் கோவப்பட்டுட்டு அப்புறமா தப்புன்னு ஒத்துக்கிறான் பாரு, அதுக்குத்தான் படிக்கிறேன். அது எங்க நடக்குது சொல்லு?"

மகிழடிக் கதையை நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. மாசித் திருவிழாவில் பாட்டியோடு போய் நின்றிருக்கிறாள்.

"கண்ணு போச்சு, சரி. ஆனா கண்ணு போனப்புறமும் அவரு சங்கிலியாண்ட திரும்பி வர்லியேக்கா. வழியெல்லாம் பாடிகினே ஆரூருக்குத்தான போனாரு. ரமணிசந்திரன் கதைல கடசில வந்துடுவான்."

அவள் சொல்வது உண்மை. பெரியபுராணத்தில் சுந்தரர் போன வழியை ஊர் ஊராகச் சொல்லும் சேக்கிழார், ஒற்றியூரில் நின்றுவிட்டவளை அதன்பிறகு கயிலையில்தான் காட்டுகிறார். நடுவில் அவள் எப்படி இருந்தாள், பூத்தொடுத்தாளா, யாரோடு பேசினாள் என்று புராணம் சொல்வதில்லை. அதற்கு அடியவர்தான் கதை. ரமணிசந்திரன் தன் நாயகியை அப்படி விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போவதில்லை. அவள் அழுகை ஓயும்வரை கூடவே இருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம்தான், நீல மைக்காரியின் பக்கம்தான். அந்தச் சுடுசொல் வரும் பக்கத்தை மட்டும் இன்றும் என்னால் நிதானமாகக் கடக்க முடியவில்லை.