மடியும் அமானிதமும்

"இரண்டு வயது மகன் உயரமாக வளர்ந்துவிட்டான். காரில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையில் கால் மடங்குகிறது. மடியில் வைத்துக்கொண்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தால் போதாதா?" என்று தேனாம்பேட்டை அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் வந்துள்ளது. ஒட்டகத்திற்கே இவ்வாறெனில், அமானிதமான பிள்ளைக்கு?

கால் மடங்குவதால் கேடில்லை. கார் மோதி நிற்கையில் காக்க வேண்டியது இளங்கழுத்தை. அவ்விருக்கை தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும், மடி தாங்காது. தலை அதன் மேல் விளிம்பை எட்டாமலும், குறித்த உயரமும் எடையும் மீறாமலும் உள்ளவரை அப்படியே அமரட்டும்.

பிள்ளையைப் பிணைக்காமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். அதைச் செலுத்திவிடலாம். மஹ்ஷரில் அமானிதத்தைப் பற்றிக் கேட்கப்படும்போது என்ன சொல்வோம்?