தேய்ந்த மணி

ஜபம் செய்யும் ருத்ராட்ச மாலையில் 108 மணி. தொழுகை முடிந்து உருட்டும் தஸ்பீஹில் 33 அல்லது 99. கத்தோலிக்கர் வீட்டுச் செபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து கோவை. திபெத்திய பிக்குவின் மாலையிலும் 108தான். அவருக்கோ, உலகைப் படைத்தவன் என்று ஒருவனே இல்லை. கணக்கு வேறு, நம்பிக்கை வேறு. விரல் செய்யும் வேலை மட்டும் ஒன்று: ஒரு மணியைத் தள்ளுவது, அடுத்ததைப் பிடிப்பது.

மனம் ஓரிடத்தில் நிற்காது என்பது எல்லா வழியிலும் நடந்த பெரியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் எண்ணும் வேலையை விரலிடம் கொடுத்துவிட்டார்கள். நடுவில் அடுப்பில் வைத்த பாலோ, கட்ட வேண்டிய வட்டியோ நினைவுக்கு வரும். வரட்டும். அடுத்த மணி விரலில் பட்டதும் மனம் திரும்பி வந்துவிடும். அலைந்ததற்குத் தண்டனை இல்லை. திரும்பி வருவதே பயிற்சி.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோவில், மேற்கே சிக்கல் முருகன் கோவில். மூன்று ஊருக்கும் மனப்பாரத்தோடுதான் ஜனங்கள் போகிறார்கள். கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பல வருடம் உருட்டிய மாலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். மணிகள் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். எந்தப் பெயரைச் சொல்லித் தேய்ந்தவை என்று விரலுக்குத் தெரியாது.