தேர்த்தட்டில் ஒரு நடுக்கம்

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் செட்டிப்புண்ணியம் என்ற ஊர். அங்கே யோக ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கிறார். தேர்வுக் காலம் வந்துவிட்டால் சந்நிதிக்கு முன்னால் மாணவர் கூட்டம் சேர்ந்துவிடும். பேனா, நோட்டு, ஹால் டிக்கெட் எல்லாம் பெருமாள் திருவடிக்குப் போய்த் திரும்பும். திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர் சரஸ்வதி கோயிலிலும் இதே காட்சிதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே கல்லூரிப் பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்களுடைய வேண்டுதல் இன்னும் குறிப்பாக இருக்கும்: இந்த செமஸ்டரோடு அரியர் எல்லாம் கிளியர் ஆகிவிட வேண்டும், வைவாவில் நாக்கு உலர்ந்துவிடக் கூடாது.

இந்த வேண்டுதல் பலனைக் கேட்கிறது. அதே மரபில் வந்த கீதையோ பலனில் பற்று வைக்காதே என்கிறது. பட்டப்படிப்பின் நடுவில் தூக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு இவற்றில் எது கைகொடுக்கும்?

கீதையின் பதில் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது காலண்டரில் அச்சாகும் ஒற்றை வரிதான்: கடமையைச் செய், பலனை எதிர்பாராதே. அம்மாவின் நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் படிக்க வந்த பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அரியர் நிலுவையில் இருந்தால் வளாக நேர்காணலில் உட்காரவே பல நிறுவனங்கள் விடுவதில்லை. ஒரு தாளின் முடிவில் ஒரு வீட்டின் அடுத்த ஐந்து ஆண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது, பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்பது ஆறுதலாகாது. அது அவளுடைய நிலைமையைக் காண மறுப்பது.

நல்லவேளையாக, கீதை அந்த ஒற்றை வரியில் முடிந்துவிடுவதில்லை. அந்த நூல் ஒரு பதற்றத்தின் விவரிப்போடுதான் தொடங்குகிறது. போர்க்களத்தில் அர்ஜுனனுக்குக் கைகால் தளர்கிறது, வாய் வறள்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, தோல் எரிகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது. தேர்வறை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இதில் எது அந்நியம்? அர்ஜுனன் பயிற்சியில்லாதவனும் அல்ல. துரோணரிடம் படித்தவர்களில் முதல் மாணவன். படித்தவனுக்கு ஏன் பயம் என்று கேட்பவர்கள் அந்த முதல் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கலாம்.

அதற்கு அடுத்து நடப்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். கண்ணன் முதலில் அதட்டுகிறான். இந்த நேரத்தில் உனக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சோர்வு, பேடித்தனத்தை விடு, எழுந்து நில் என்கிறான். எல்லா வீட்டிலும் கேட்கும் அதே அதட்டல்தான். அது இரண்டு சுலோகம், பலிக்கவில்லை. அர்ஜுனன் போரிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறான். உபதேசம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 700 சுலோகம் கொண்ட நூலின் பெரும்பகுதி அந்த மௌனத்துக்குப் பின்னால் வருவதுதான். இரண்டு பக்கமும் படை நிற்க, ஒருவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான், இன்னொருவன் சலிக்காமல் பதில் சொல்கிறான். தைரியமாக இரு என்பதோடு ஒதுங்கிக்கொள்ளும் பெரியவர்கள் கீதையின் அந்த இரண்டு சுலோகத்தோடு நின்றுவிட்டவர்கள்.

பலன் பற்றிய புகழ்பெற்ற சுலோகத்துக்கும் (2.47) நான்கு பகுதிகள் உண்டு. செயலில்தான் உனக்கு அதிகாரம்; பலனில் இல்லை; பலனே நோக்கமாகச் செயல்படாதே; செயலின்மையிலும் பற்று வைக்காதே. பலன் முக்கியமில்லை என்று இதில் எங்கும் இல்லை. அது உன் அதிகார எல்லைக்குள் இல்லை என்றுதான் இருக்கிறது. வினாத்தாள் எடுப்பவர் யார், விடைத்தாள் யார் மேஜைக்குப் போகும், மறுமதிப்பீட்டில் என்ன ஆகும் என்பதெல்லாம் மாணவர் கையில் இல்லை. ஆனால் மூன்றாவது யூனிட்டை இன்று இரவு படிக்கலாமா வேண்டாமா என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

காலண்டரில் விட்டுப்போனது அந்த நான்காவது பகுதி. மாணவருக்கு மிகவும் வேண்டியது அதுதான். பயம் முற்றினால் பெரும்பாலும் படிப்பு நடப்பதில்லை. படிப்பைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் நடக்கிறது. நான்கு நிறத்தில் டைம்டேபிள் போடுவது, ஜெராக்ஸ் நோட்ஸை யூனிட் வாரியாக அடுக்கி மறுபடி கலைப்பது, சந்தேகம் கேட்க எடுத்த செல்போனில் இரண்டு மணி நேரம் கரைவது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் இதற்குப் பெயர் வைப்பார்கள். உண்மையில் அது பயத்தின் ஒளிவிடம். எழுதாதவரை தோற்கவில்லையே என்ற நிம்மதியில் ஒரு பற்று வந்துவிடுகிறது.

மறுகோடியில் நிற்பவர்களும் உண்டு. பௌத்த நூல்கள் சோணன் என்ற துறவியின் கதையைச் சொல்கின்றன. செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ராஜகிருகத்தில் பாதம் ரத்தம் கசியும் வரை நடந்து நடந்து தியானம் செய்தார். பயன் கிட்டவில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாம், சொத்துதான் இருக்கிறதே என்ற எண்ணம் வந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட நினைப்பவரின் அதே யோசனை. புத்தர் வந்து, அவர் முன்பு வீணை வாசித்தவர் என்பதை நினைவுபடுத்திக் கேட்டார்: நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் நாதம் வருமா? தளர விட்டால் வருமா? ராத்திரி முழுக்க டீ குடித்து விழித்திருந்து காலையில் தேர்வறையில் எல்லாம் மறந்து உட்காரும் பிள்ளைக்கு, இதைவிட அன்பாக யாரும் தூங்கச் சொன்னதில்லை.

பதறுவதே நம்பிக்கைக் குறைவா? டென்மார்க் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் 1830-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அப்பாவின் விருப்பப்படி இறையியல் படித்தார். தேர்வு எழுதித் தேறியது 1840-ல், அப்பா இறந்து இரண்டு ஆண்டு கழித்து. பதற்றம் என்றால் என்ன என்று 1844-ல் ஒரு முழு நூலே எழுதினார். அதில் அவர் சொல்வது: ஒரு மனிதனுக்கு முன்னால் பல வழிகள் திறந்திருப்பதால்தான் பதற்றம் வருகிறது, விலங்குக்கும் தேவதூதனுக்கும் அது இல்லை, அதை ஒழிப்பதல்ல, சரியான விதத்தில் பதறக் கற்றுக்கொள்வதே காரியம். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவர். பயப்படுகிறாயே, உனக்கு நம்பிக்கை போதவில்லை என்று பிள்ளைகளைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கு அவரிடம் இடமில்லை.

நம் பக்கத்திலேயே கணிதவியலாளர் ராமானுஜன் இருக்கிறார். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அவருக்கிருந்த பக்தி ஊரறிந்தது. ஆனாலும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போனார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. பின்னாளில் அவர் மேதையாக அறியப்பட்டதைச் சொல்லி, தோற்றால் நீயும் ராமானுஜன் ஆகலாம் என்று யாரையும் தேற்றக் கூடாது, அது நேர்மையாகாது. இங்கே பார்க்க வேண்டியது வேறு. தேர்வு அவரைக் கைவிட்டபோதும் தாயாரிடம் அவருக்கிருந்த பக்தி குறையவில்லை. மதிப்பெண்ணும் அருளும் அவருக்கு ஒரே கணக்கில் இல்லை.

அப்படியானால் ஹயக்ரீவர் முன்னால் ஹால் டிக்கெட்டை நீட்டுவது வீணா? இல்லை. ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் என்ற இரு உளவியலாளர்கள் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் பயத்தைக் காகிதத்தில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதறும் சுபாவமுள்ளவர்கள், மற்றவர்களைவிட நன்றாக எழுதினார்கள். அங்கே காகிதம் செய்த வேலையைச் சந்நிதியும் செய்யக்கூடும். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பாஸ் ஆக்கிவிடு என்ற பேரத்தைவிட, பயமாக இருக்கிறது என்ற முறையீட்டில்தான் வேண்டுதலின் பலம் இருக்கிறது.

கோயிலே போதும் என்று பெரியவர்கள் முடிவு கட்டும் இடத்தில்தான் ஆபத்து. 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுப்போன பிள்ளைக்குப் பரிகாரத்தோடு மருத்துவரும் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்று நபிகள் சொன்னதாக வரும் ஹதீஸை முஸ்லிம் வீடுகளில் அறிவார்கள். ஆலோசகரிடம் போவது அந்தக் கட்டும் வேலைதான், நம்பிக்கைக் குறைவல்ல.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். கல்லூரித் தகவல் பலகையில் தேர்வு அட்டவணை ஒட்டும்போது அதன் கீழே இந்த எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு எந்த முதல்வரும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.