கோடும் சுவரும்

சொல்லை நம்பிப் பிழைப்பவன் நான். ஆகவே, ராசிபுரத்துக்கு அருகே சிறிய வீடொன்று கட்டத் தொடங்கியபோது, ஒப்பந்தத்தை வேறு யாரும் எழுத விடவில்லை. முத்திரைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். "வரைபடத்தில் கண்டபடி எல்லா வேலைகளையும் முடித்துக் கொடுக்க வேண்டியது" என்ற வரியை எழுதியதும், எதுவும் விட்டுப் போகவில்லை என்று ஒரு நிம்மதி. மேஸ்திரி அதைப் படித்துக் காட்டச் சொன்னார், கேட்டுத் தலையசைத்தார், எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார்.

வீடு முடிந்து, கணக்குத் தீர்க்கும் நாளில்தான் வழக்கு முளைத்தது. வரைபடத்தில் மனையைச் சுற்றி ஒரு கோடு ஓடியது. அது சுற்றுச்சுவர் என்றேன் நான்.

"அது மனை எல்லைங்க. சுவருன்னா ரெட்டைக் கோடு போட்டு, கனம் குறிச்சிருப்பாங்க. இந்தத் தொகைக்குள்ள அதையும் கட்டினா எனக்கு ஒத்தை ரூபா மிஞ்சாதுங்க" என்றார் அவர்.

"எல்லா வேலைகளும் என்று எழுதியிருக்கிறதே, மேஸ்திரி?"

"எழுதினது நீங்கதானுங்களே?"

அவர் குற்றம் சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

ஒப்பந்தத்தின் பொருளை எங்கே தேடுவது? எழுத்திலா, எழுதியவர் மனத்திலா? சட்டம் பெரும்பாலும் எழுத்தின் பக்கமே நிற்கிறது. எழுதிக் கொடுத்த நிபந்தனையை வாய்ச்சொல்லால் மாற்றக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. 2024-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. ஒரு வரியைத் தனியே பிடுங்கிப் பார்க்காமல், ஒப்பந்தம் முழுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பார்கள் நீதிபதிகள். அப்படிப் படித்தும் ஐயம் தீராவிட்டால், கடைசியாக ஒரு விதி உண்டு: இரு பொருள் தரும் சொல்லை, அதை எழுதியவருக்கு எதிராகவே கொள்ள வேண்டும். தெளிவாக எழுதும் வாய்ப்பு அவருக்குத்தானே இருந்தது! அதிகம் படிக்காத மேஸ்திரியின் வாயில் வந்தது அந்த விதிதான்.

இருபுறமும் படித்தவர்கள் இருந்தால் ஐயமே எழாது என்று சொல்வதற்கும் இல்லை. எங்கள் மேட்டூர் அணையின் கதையே சாட்சி. சென்னை அரசும் மைசூர் அரசும் 1924-இல் செய்துகொண்ட காவிரி உடன்படிக்கையை அடுத்து, 1925-இல் வேலை தொடங்கி, 1934-இல் அணை எழுந்தது. கல்லும் காரையும் அசையவில்லை. சொல்தான் ஆட்டம் கண்டது. ஐம்பது ஆண்டு கழித்துச் சில விதிகளை மறுபடி ஆராயலாம் என்று அதில் இருந்தது. ஆகவே 1974-இல் உடன்படிக்கையே முடிந்துவிட்டது என்றது கர்நாடகம். அந்தச் சில விதிகள் மட்டுமே ஆய்வுக்குரியவை, மற்றவை நிலையானவை என்றது தமிழ்நாடு. அது 1974-இல் காலாவதியாயிற்று என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆண்டு 2018.

அப்படியானால் என்னுடையதும் வெறும் சொல் வழக்குத்தானா? கையெழுத்திட்ட நாளில் என் மனத்தில் சுவர் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சுவர் இல்லை, எல்லையும் இல்லை. அந்தக் கோட்டை நான் கவனிக்கவே இல்லை! பணம் கொடுக்கும் நாளில்தான், என் வாக்கியத்துக்குள் எனக்கு ஒரு சுவர் இலவசமாகக் கிடைக்கும் என்று கண்டுகொண்டேன். கண்டதை, முன்பே எண்ணியதாகச் சொல்லவும் துணிந்தேன்.

இரு பொருளில் ஒன்றை நேர்மையாக நம்புவது வேறு; ஆதாயம் தரும் பொருளைப் பிற்பாடு தேடிப் பிடிப்பது வேறு. முன்னதை நீதிமன்றம் தீர்த்து வைக்கும். பின்னது நடந்ததென்று அறிந்தவன் நான் ஒருவன்தான். நானே மறைத்துவிட்டால் அதை எந்த நீதிபதி கண்டுபிடிப்பார்?

மறுநாள் காலை மேஸ்திரியை வரவழைத்துக் கணக்கைத் தீர்த்தேன். சுவருக்குத் தனியே தொகை பேசினோம்.

"இதையும் எழுதிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

எழுதினோம். இம்முறை அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.